ஷெரில் வீட்டில் பார்த்த ஜெர்மன் படம்

இந்த ஊரில் ‘டீக்கு வாருங்கள்’ என்றால் தேநீருக்கு அல்ல, இராச்சாப்பாட்டுக்கு. நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கே, கையில் கேக் பெட்டியுடன் ஒனிஹங்காவில் ஷெரிலின் கதவைத் தட்டினேன். சேறு படிந்த பூட்ஸோடு தோட்டத்திலிருந்து வந்தவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். “டீ ஆறு மணிக்குத்தானே” என்று சிரித்துவிட்டு, “பரவாயில்லை, உள்ளே வா” என்றாள்.

என் மகள் நிரோஷாவுக்குப் பதினேழு வயது. அவளோடு படித்த ஸ்டீவனின் தாய்தான் ஷெரில். போன வருடம் மகள் ஸ்டீவனால் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்த அன்று, “இனி இந்த வாசலை மிதியாதை” என்றேன். ஊரில் இதைத் தகப்பன் சொல்லியிருப்பார் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் சொன்னது நான். அவர் பேப்பரை மடித்து வைத்தார். கிளென் ஈடனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பைகளோடு வெளிக்கிட்டவளுக்கு ஷெரில் கதவைத் திறந்துவிட்டாள். பேரன் பிறந்து நான்கு மாதத்துக்குப் பிறகு டீக்கு வரச்சொல்லி என்னைப் போனில் அழைத்ததும் ஷெரில்தான்.

நிரோஷாவும் ஸ்டீவனும் குழந்தையோடு கடைக்குப் போயிருந்தார்கள். கொடியில் என் மகளின் துவாய் காய்ந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் அவளுடைய வட்டமான கையெழுத்தில் ஒரு சாமான் பட்டியல். ஆறு மணி வரை என்ன கதைப்பது என்று ஷெரிலுக்கும் தெரியவில்லைப் போலும், வீடியோக் கடையில் எடுத்த ஒரு படத்தைப் போட்டாள். நிரோஷா தேர்ந்தெடுத்ததாம். இரண்டு தரம் பார்த்துவிட்டாளாம்.

ஜெர்மன் படம். கீழே ஓடிய ஆங்கிலத்தை நான் வாசித்து முடிக்குமுன் அது மறைந்தது. ஆனாலும் கதை விளங்கியது. பதினாறு வயதுப் பெட்டைக்கு வயிற்றில் பிள்ளை. பேக்கரியில் வேலை செய்யும் தாய், மகளின் உடுப்புகளை மாடிப்படியில் வீசுகிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் பிள்ளை பிறக்கிற நாளில் அந்தத் தாய், மாவு அப்பிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். மகளின் வியர்வையைத் துடைக்கிறாள். ஷெரில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஜெர்மன்காரியின் மீது பொறாமைதான் வந்தது. ஓடச்சொல்லி அவளுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எனக்குச் சொல்லித் தந்தது வேறு. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பில் என் வாங்கில் இருந்த ஒருத்தி, ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் என்றார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியை வரவு டாப்பில் அவள் பெயரை வெட்டினார். நாங்கள் நெருங்கி உட்கார்ந்து அவளுடைய இடத்தை நிரப்பினோம். அதற்குப் பிறகு நான் அவளைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை.

படம் முடிந்ததும் ஷெரில் சொன்னாள்: “உன் மகள் தைரியசாலி. பதினான்கு மணித்தியாலம். வலி வரும்போதெல்லாம் ‘அம்மா, அம்மா’ என்றாள். அது உங்கள் கடவுளின் பெயரா?”

நொந்தால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் கத்துவார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அது பொய்யில்லை. கால் கல்லில் தடுக்கினாலும் நாங்கள் அம்மா என்போம்.

“விளங்காவிட்டாலும், நான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நின்றேன்” என்றாள்.

பிள்ளை பிறந்த அன்று நான் விரி என்ற இடத்தில் தொழிற்சாலை வேலையில் நின்று பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வலி வந்துவிட்டது என்று ஸ்டீவன் போன் எடுத்துச் சொன்னான். கேட்டுவிட்டுப் போனை வைத்து, அடுத்த பெட்டியை எடுத்தேன். அங்கே என் மகள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இவள் பதில் சொல்லியிருக்கிறாள். ஷெரிலை அடிக்க வேண்டும் போலவும் அவளுடைய காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கேக்கை வெட்டினேன்.

நிரோஷா உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள். தோளில் குழந்தை.

“ஏர்லியா வந்திட்டீங்கள், அம்மா.”

“ஓம். நேரம் பிழையா விளங்கிட்டன்.”

டீவியில் நின்றிருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “பாத்தீங்களோ?”

“பாத்தன்.” கேக் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தேன். “நானும் வந்திருக்கோணும், பிள்ளை.”

அவள் “இட்ஸ் ஓகே” என்று சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு, “டேனியலுக்குக் குளிக்க வாக்கிற நேரம். நீங்கள் வாக்கிறீங்களோ? எங்கட மாதிரி” என்றாள்.

குளியலறைத் தரையில் சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு கால் நீட்டி இருந்தேன். நிரோஷா என் கால்களின்மேல் அவனைக் கிடத்திவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். முதல் தண்ணீருக்கு வீரிட்டான். கதவடியில் நின்ற ஷெரில், “வழுக்கி விழுந்துவிட மாட்டானா?” என்று கேட்டாள். அவளுடைய குரல் கேட்டதும் அழுகை நின்றது. அவன் முதுகு என் கால்களில் சூடாகக் கிடந்தது. முகம் மட்டும் ஷெரிலைத் தேடித் திரும்பியிருந்தது. நான் அதைத் திருப்பவில்லை. கையால் தண்ணீரை அள்ளி அள்ளி வார்த்துக்கொண்டிருந்தேன்.