உள்ளே வைத்த சந்தனம்

நான்காவது திருகாணியையும் கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்த பாய், அப்படியே நின்றுவிட்டார். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் அவர். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நானும் குனிந்து உள்ளே பார்த்தேன். பச்சைப் பலகை எங்கும் சந்தனப் பொட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். எல்லாம் நான் வைத்தவை.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நாட்கள் அவை. எப்போது பஸ் நிற்கும் என்று தெரியாததால் முதல் பஸ்ஸிலேயே கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும் என்று ஊரே சாலையில் உட்கார்ந்திருந்தபோது, கிடைத்த இடத்தை என் மகள் இழந்துவிடுவாளோ என்பது என் பயம். அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். போன முறை பாதியில் அது அணைந்து, ஒரு பாடம் போய்விட்டது. அதைத் திங்கட்கிழமை மறுபடி எழுத வேண்டும். மெமரி, டிஸ்க், பவர் பாக்ஸ் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றையும் வாங்க என்னால் முடியாது. நான் ஐந்தாவது வரை படித்தவன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவன். எதை விடலாம் என்று கேட்கவும் கூச்சம். சீட்டை நீட்டிவிட்டு நின்றேன்.

வேறு கடையென்றால் சீட்டில் இருப்பதை எடுத்து வைத்திருப்பார்கள். பாய் பெட்டியைத் திறந்து பார்க்காமல் எதையும் விற்கமாட்டார். "நாடி புடிச்சுப் பாக்காம ஊசி போடலாமாங்க?" என்பார்.

"இன்னாங்க இது, பூஜ போட்டுக்கீறீங்க?" என்றார்.

"ஆயுத பூஜைக்குங்க..." என்று இழுத்தேன்.

பக்கத்தில் காத்திருந்த நைனார்பாளையத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "நல்ல வேள, எலுமிச்சம்பழம் வச்சு நசுக்காம வுட்டீங்க!"

டிராக்டருக்குப் பூஜை போடும்போது பானட்டைத் திறந்து இன்ஜினுக்கே பொட்டு வைப்பேன். மட்கார்டில் மட்டும் வைப்பது ஏமாற்று வேலை என்று நினைப்பவன் நான். மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரையும் அப்படித்தான் திறந்து, தண்ணீரில் குழைத்த சந்தனத்தை வைத்தேன்.

பாய் மெமரியை உருவிக் காட்டினார். சந்தனம் வழிந்த இடத்தில் பொன்னிறப் பற்கள் பச்சை பூத்திருந்தன.

"இதனாலதாங்க அப்பப்போ ஆஃப் ஆவுது. பவர் பாக்ஸு நல்லாத்தான் கீது."

தேர்வின்போது கம்ப்யூட்டர் அணைந்த அன்று, "செல்போனப் பாத்துக்கினு இருந்துட்டு கம்ப்யூட்டர் மேல பழி போடாத" என்று தெருவே கேட்கும்படி அவளைத் திட்டியிருந்தேன். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாய் அந்தப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, கெடாமல் இருந்த இன்னொரு இடத்தில் மெமரியைச் செருகினார். டிஸ்க் மட்டும் பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்றை மாட்டினார். தகட்டை மூடும்போது குரலைத் தாழ்த்தினார். "வூட்ல கேட்டா தூசின்னு சொல்லிடுங்க. நானும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

தூசி என்றே சொன்னேன். திங்கட்கிழமை அவள் எழுதி முடிக்கும்வரை கதவோரம் நின்றேன். அணையவில்லை. தேறினாள். இன்று சென்னையில் வேலை பார்க்கிறாள்.

போன வருடம் பாய் காலமானார். அவர் இருந்தவரை அந்தப் பொய்யில் எனக்கொரு துணை இருந்தது. அடக்கத்துக்குப் போய்வந்த அன்று மாலை மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனத்தைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"சந்தனம் நீ தெரியாம வச்சதுப்பா. நான் பொய் சொல்றேன்னு அன்னிக்கு எப்படிப்பா நெனச்ச?"

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தேன். அவளும் வைக்கவில்லை.