பின்சீட்டில் உட்காரச் சொல்லவில்லை

ஓசூர் பைக் ஷோரூமில் அன்று இருந்தது நான், என் மனைவி ஜெசிந்தா, அவள் தம்பி சகாயம், விற்பனைக்கார இளைஞர் ஒருவர், ஆக நான்கு பேர்.

எட்டாவதோடு படிப்பை விட்டு கம்பெனி வேலைக்கு வந்தவன் நான். எதற்கெடுத்தாலும் பயம். வேப்பனப்பள்ளியில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு இருவரும் போய்வரத்தான் வண்டி தேடினோம். அகலமான சீட் உள்ள, நீண்ட பயணத்துக்கான பெரிய வண்டியை ஜெசிந்தா காட்டினாள். ஓட்டிப் பார்த்தேன். கம்பெனி ஷிப்ட் விடும் நெரிசலில் அந்தக் கனத்தோடு சாய்ந்துவிடுவேனோ என்று பாதியிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்து ஓட்டிய சின்ன வண்டி நினைத்த பக்கமெல்லாம் வளைந்தது.

"மாமா, இதுல பத்து வயசு கொறஞ்சிட்டீங்க" என்றான் சகாயம். என் பயத்தை மறைக்க அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. கடனில் அதையே எடுத்தேன்.

முதல் ஞாயிறே, குந்தாரப்பள்ளியில் வேப்பனப்பள்ளி ரோட்டுக்குத் திரும்பியதும் ஒரு வேகத்தடை. பின்சீட் கையகலம்தான், பிடிக்கக் கம்பியும் இல்லை. வண்டி தூக்கிப் போட்டதில், சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த ஜெசிந்தா ரோட்டில் விழுந்துவிட்டாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியதால் மணிக்கட்டு எலும்பு உடைந்ததோடு போயிற்று.

கட்டுப் போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கி ஒரு தடவ என்னைய ஏறி ஒக்காரச் சொல்லியிருந்தா, அங்கயே சொல்லியிருப்பேங்க. மூணு பேரும் வண்டியவே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வண்டியை விற்றுவிட்டேன். இனி எந்த வண்டி பார்க்கப் போனாலும் முதலில் அவள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள், பிறகுதான் நான் சாவியைத் தொடுவேன். அதுவரை பஸ்தான். விற்ற பணம் போக, கடனில் இன்னும் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பாக்கி.