ஒதுக்கிய கிளைகள்

போடிமெட்டுக்கு மேலே எனக்கு ஒரு துண்டு ஏலத்தோட்டம் இருக்கிறது. அதன் தலைமாட்டில் சோலைக்காடு. ஜீப்பு ரோட்டுக்கு அந்தப்புறம் பெரிய எஸ்டேட். அதைத் தாண்டிக் கீழே இன்னொரு சோலைக்காடு. முன்பு இரண்டும் ஒரே காடுதான். நாங்கள் நடுவில் புகுந்து ஏலம் போட்டோம், ரோடு போட்டோம். மிஞ்சிய இணைப்பு ஒன்றே ஒன்று: என் பக்கத்து அயனி மரமும் எஸ்டேட் பக்கத்துப் பலாவும் ரோட்டுக்கு மேலே கிளை கோத்து நின்ற இடம். மலையணில்கள் அதன் வழியாகத்தான் போய்வரும். அவை லேசில் தரையில் இறங்குவதில்லை.

வைகாசியில், மழைக்கு முன்னால், ஏலச்செடிக்கு வெளிச்சம் கிடைக்க மரக்கிளைகளைக் கழிப்பார்கள். கவாத்து என்போம். இரண்டு தோட்டத்துக்கும் ஆட்களை அனுப்புவது எஸ்டேட் மேனேஜர்தான். அந்தக் கிளைகளை மட்டும் தொட வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே போய்க் கேட்டேன். பெரிய மனது பண்ணித் தலையாட்டினார். வெளியூர்க்காரர், புத்தகத் தமிழ் பேசுவார். ஆட்களிடம், "சாலைக்கு மேல் இருக்கும் கிளைகளை ஒதுக்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அணிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தனியாக விட்டுவையுங்கள் என்பது அவர் அர்த்தம். எங்கள் பக்கம் மீசையை ஒதுக்குவார்கள், வேலியை ஒதுக்குவார்கள். ஒதுக்குவது என்றால் வெட்டுவது. கீழே சிலமலை ஊரிலிருந்து வந்த ஆட்கள் சொன்ன சோலியைச் சுத்தமாக முடித்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது ரோட்டுக்கு மேலே வெறும் வானம்.

"நல்லா ஒதுக்கிருக்கோம்க்கா. இனி லோடு வண்டி ஒரசாம போகும்" என்றார் மரமேறியவர். அவரை என்ன சொல்ல? நேரே மேனேஜரிடம் போனேன்.

"ஒரு வார்த்தைப் பிழைதானே, மேடம். இரண்டு மூன்று வருடத்தில் தழைத்துவிடும்" என்று சிரித்தார்.

"அதுவரைக்கும் அணிலு என்ன, பஸ்சுலயா போகும்?"

அதற்கும் சிரித்தார். அந்த வாரமே அங்கே ஒரு போர்டு நட்டார்: 'வனவிலங்குகளின் வழித்தடம்'. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள்! போர்டை நின்று படித்துப் பாராட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. தலையைத் தூக்கி ஒருத்தராவது மேலே பார்க்க வேண்டாமா?

ஒரு நாள் காலையில், அயனியின் மொட்டைக் கிளை நுனிவரை ஒரு மலையணில் வந்தது. எட்டிப் பார்த்தது. திரும்பிப் போய், மறுபடி வந்தது. பிறகு அடிமரம் வழியாக இறங்கி ரோட்டோரத்தில் ஒண்டி உட்கார்ந்தது. அதன் வால் நடுங்கியதைப் பார்த்தேன். வளைவில் ஜீப்பு சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் நடு ரோட்டில் கையை விரித்து நின்றேன்.

வந்தது மேனேஜரின் ஜீப்பு. ஹாரனை அமுக்கிப் பார்த்தார், பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"ஏன் மேடம் வழியை மறிக்கிறீர்கள்?"

எனக்குப் பின்னால் பலா மரத்தில் நகங்கள் பிறாண்டி ஏறுகிற சத்தம் கேட்கும்வரை நான் அசையவில்லை.

"மறிக்கல சார். ஒங்களைக் கொஞ்சம் ஒதுக்கிருக்கேன்."