என் மாமனார் ஓட்டாத கார்

நான் சரிபார்த்தவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். நினைவு, சொல்லி அனுப்பியதை அப்படியே கொண்டுவருவதில்லை. வழியில் எதையாவது சேர்த்துக்கொண்டுதான் வந்து சேரும். ஆகவே தேதி உறுதியாகத் தெரியாத இடத்தில் தேதி இராது. பேச்சு சொல்லுக்குச் சொல் நினைவில்லாத இடத்தில் அதன் சாரம் மட்டும் இருக்கும். நான் உடனில்லாத நிகழ்வுகளை என் மனைவி சொன்னபடி எழுதியிருக்கிறேன். அவற்றை வெவ்வேறு நாள்களில் அவளிடம் இருமுறை கேட்டேன். இருமுறையும் ஒன்றையே சொன்னாள். யாருடைய பெயரையும் தரவில்லை. பெயரால் வந்த சிக்கலைப் பெயர் சொல்லாமல் எழுதுவது சற்றுக் கடினம், முயல்கிறேன்.

இவ்வளவு கறார் எதற்கென்றால், சான்று, சரிபார்ப்பு என்னும் இதே கொள்கையை நான் ஒருமுறை தவறான பக்கத்தில் நின்று பேசப் பயன்படுத்தினேன். என்னைத் திருத்தியவள் என் மனைவி. அதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருந்தபோது அவளுக்கு டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. நான்கு வயது மகளை அழைத்துக்கொண்டு அவள் முதலில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டுக்குக் குடிபெயர்ந்தாள்; நியூ ஜெர்சியின் பார்சிப்பனி அலுவலகத்தில் எடுத்த பணியை முடிக்க நான் அங்கேயே தங்கினேன். அவள் போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு சனிக்கிழமை, மகளுக்குக் கட்டில் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு சிற்றூரில் காவலர் அவள் காரை நிறுத்தினார். அறுபத்தைந்து மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலை அவ்வூர் எல்லையில் நாற்பத்தைந்தாகக் குறைகிறது. அவள் அறுபதில் சென்றிருந்தாள். அப்போது அவளிடம் இருந்தது நியூ ஜெர்சி ஓட்டுநர் உரிமம். காவலர் அதை வாங்கிப் பார்த்து, டிக்கெட் என்று எல்லாரும் சொல்லும் அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்தார். கையெழுத்திட்டு வாங்கினாள். அபராதத்தை அஞ்சலில் அனுப்பித் தீர்த்தாள். அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்னாளாம்; நான் சிரித்தேனாம். எனக்கு நினைவில்லை. சிரித்திருப்பேன்.

பிறகு நானும் டெக்சஸ் வந்தேன். வீடு இருமுறை மாறியது. அந்தச் சீட்டும் பணம் கட்டிய சான்றும் எந்தப் பெட்டியிலோ போயின. நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் பச்சை அட்டை வந்தது. அதற்குப் பின் ஐந்தாண்டுகளும் நிறைந்தன. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி அப்போது வீட்டில் அவளுக்கு மட்டுமே இருந்தது. அலுவலகப் பணியாக நான் ஒரே பயணத்தில் ஏழு மாதங்கள் சென்னையில் தங்கிவிட்டதால், இடைவிடாமல் ஐந்தாண்டு இங்கே வசித்ததாகக் காட்ட வேண்டிய என் கணக்கு முறிந்திருந்தது.

அவசரம் மகளைப் பற்றியது. அவள் கரூரில் பிறந்தவள். கைக்குழந்தையாக இங்கே வந்தவள். பதினெட்டு வயது நிறைவதற்குள் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றால் அவளும் தனி விண்ணப்பமின்றிக் குடிமகளாகிவிடுவாள். அந்த வயதைத் தாண்டினால் அவளே விண்ணப்பித்து, அவளே காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் ஒரு விண்வெளி மையம் இருக்கிறது. அங்கே கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு நடக்கும் கோடைப் பயிற்சிக்கு அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தயாராகி வந்தாள். பயிற்சி குடிமக்களுக்கு மட்டும். விண்ணப்பத்தைத் தொடங்கியபோது அவளுடைய பதினெட்டாம் பிறந்தநாளுக்கு இன்னும் பதினோரு மாதங்கள் இருந்தன. எல்லாம் தடையின்றி நடந்தால் போதுமான காலம். எங்காவது ஓரிடத்தில் நின்றால் போதாது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: எந்தக் காரணத்துக்காகவேனும், எப்போதேனும், காவல் அதிகாரி எவராவது உங்கள்மீது குற்றம் பதிந்து சீட்டு வழங்கியதுண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். சிறிய போக்குவரத்து அபராதங்களுக்கு ஆவணம் இணைக்கத் தேவையில்லை என்று விண்ணப்ப வழிகாட்டியில் இருந்தது. சொல்லாமல் விடலாம் என்று எங்கும் இல்லை. ஆவணம் இல்லாமல் ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே தேடினோம். டெக்சஸ் ஓட்டுநர் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. நியூ ஜெர்சிப் பதிவேட்டிலும் இல்லை. அந்தச் சிற்றூர் நீதிமன்றத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். எழுத்தர் தேடிப் பார்த்து, அப்படி ஒருவர் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்றார். மறுவாரம் அழைத்தபோதும் அதே பதில்.

பேர்லேண்ட் கோயிலின் உணவுக்கூடத்தில் இது பேச்சாயிற்று. எங்களுக்கு இரண்டாண்டு முன்பே குடியுரிமை பெற்ற நண்பர் ஒருவர், இவ்விஷயங்களில் எல்லாருக்கும் வழிசொல்பவர், புளியோதரைத் தட்டைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

“சிஸ்டத்துல இல்லன்னா நடக்கவே இல்லன்னு அர்த்தம் சார். நோ போட்டுட்டுப் போயிட்டே இருங்க. யெஸ் போட்டா ப்ரூஃப் கேட்டு லெட்டர் வரும், ஆறு மாசம் இழுக்கும். பொண்ணுக்கு டைம் இல்லல்ல?”

“சிஸ்டத்துக்குத் தெரியாதுங்கண்ணா. எனக்குத் தெரியுமே” என்றாள் என் மனைவி.

“தங்கச்சிக்கு ஜெயிலுக்குப் போகணும்னு ஆசை போல” என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வீடு திரும்பும் வழியில் காரில் நான் பேசத் தொடங்கினேன். இதை எழுதும்போதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எதையும் சான்றின்றி எழுதக் கூடாது என்பது நான் கற்ற பாடம் என்றேன். மூன்று இடங்களில் தேடிவிட்டோம். மூன்றும் இல்லை என்கின்றன. நினைவு ஒன்றை மட்டும் நம்பி, உறுதிமொழியின்கீழ் ஒன்றை உண்டு என்று எழுதுவதும் ஒருவகையில் பிழைதானே என்று கேட்டேன். வாதம் எனக்கு நேர்த்தியாகவே பட்டது. மகளுக்காகப் பேசுகிறேன் என்று எண்ணிக்கொண்டதால் அது இன்னும் நேர்த்தியாகப் பட்டிருக்க வேண்டும்.

மனைவி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“கார ஓட்டுனது நானு. கையெழுத்துப் போட்டது நானு. இல்லைன்னு எழுதிட்டு, அந்த ரூமுக்குள்ள போயி வலது கையத் தூக்கி, நான் சொல்றதெல்லாம் நெசம்னு எப்படிங்க சொல்றது? உங்களுக்குக் காகிதம் வேணும். எனக்கு வேண்டாம். நானே பாத்த விஷயத்துக்கு நான் சாட்சி இல்லையா?”

பின்னிருக்கையில் மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். நாங்கள் பேசுவதை அவள் எவ்வளவு நேரமாகக் கேட்டாள் என்று தெரியாது. தமிழ் முழுவதும் புரியும். பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும்.

“அம்மா, ஜஸ்ட் புட் யெஸ். லேட் ஆனா நானே அப்ளை பண்ணிக்கிறேன். எனக்காக நீ பொய் சொல்லாத, ஓகே?”

தன் மூன்றாண்டு உழைப்பைப் பணயம் வைத்துப் பேசியவள் அவள். நான் இருவருக்கும் நடுவில் சான்று கேட்டுக்கொண்டிருந்தவன். அவர்களைப் பற்றி அன்று எனக்கு வந்த பெருமிதம் என் வாதத்தின் தோல்வியிலிருந்து பிறந்தது என்பதால் அதன் சுவை வேறு, ஆனால் பெருமிதம்தான்.

மறுநாள் காலை அவள் ‘உண்டு’ என்ற கட்டத்தைக் குறித்தாள். விளக்கத்துக்கு விட்டிருந்த இடத்தில் நான்கு வாக்கியங்கள் எழுதினாள்: எந்த ஊர், எவ்வளவு வேகம், அபராதம் கட்டியது, தேடியும் பதிவு கிடைக்காதது. ஆண்டை மட்டும் ‘ஏறத்தாழ’ என்று குறித்தாள். நான் படித்துப் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை. நான் எழுதியிருந்தால் ஒன்பது வாக்கியங்கள் ஆகியிருக்கும்.

எட்டு மாதங்கள் எந்தச் செய்தியும் இல்லை. மகள் நாள்காட்டியைப் பார்ப்பதை நாங்கள் பார்க்காதவர்கள் போல் இருந்தோம். பிறகு நேர்காணல் கடிதம் வந்தது. பிறந்தநாளுக்கு அப்போது பத்து வாரங்கள் இருந்தன. சீட்டைப் பற்றி அங்கே கேட்டுச் சான்று கோரினால் அந்தப் பத்து வாரங்களும் போய்விடும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மகள் பள்ளியிலிருந்து வந்து, காலணியைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். அன்று அவள் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். அப்படி வருபவர்கள் வருகைப்பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் என் பெயரைத்தான் சொல்லி அழைப்பார்கள். அவளும் சலிக்காமல் என் பெயருக்கு எழுந்து நிற்பாள். அன்றும் அப்படி நின்றபோதுதான் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது.

“அம்மா, கோர்ட்ல தாத்தா பேர் சொல்லித் தேடச் சொன்னியா?”

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து நம் பெயருக்கு முன்னால் நிற்கும், அவ்வளவுதான். கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்து, குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் எழுதிவிடுகிறோம். அதனால் இந்நாட்டில் என் மனைவி தன் தந்தை பெயரையும், என் மகள் என் பெயரையும் குடும்பப் பெயராகச் சுமக்கிறார்கள். உரிமத்தில் குடும்பப் பெயர்தான் மேல்வரியில் இருக்கும். பார்ப்பவர் அதையே சொந்தப் பெயராக எடுத்துக்கொண்டால் தந்தை முன்னால் வந்துவிடுவார், மகள் பின்னால் போய்விடுவாள்.

மனைவி மறுநாள் அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் இது நான் நேரில் கேட்டது. எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆம், அப்பெயரில் ஓர் ஆணின் வேக மீறல் இருக்கிறது, தொகை கட்டப்பட்டு முடிந்துவிட்டது என்றார். அவர் உங்கள் கணவரா என்று கேட்டார். இல்லை, என் தந்தை என்றாள் மனைவி. உடனே, இல்லை, அது நான் என்றாள். எழுத்தர் பதிவில் இருந்தவற்றைப் படித்துக் காட்டினார். பிறந்த தேதியும் பழைய உரிமத்தின் எண்ணும் அவளுடையவையாகவே இருந்தன. மூன்று நாளில் முத்திரையிட்ட நகல் வந்தது. அதன்படி, கரூரை விட்டு மதுரைக்கு அப்பால் சென்றிராத என் மாமனார், டெக்சஸ் மாநிலத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகலில், மணிக்கு அறுபது மைல் வேகத்தில் கார் ஓட்டியிருந்தார்.

அவருக்குத் தொலைபேசியில் சொன்னோம். மின்வாரியத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் முழுக்கக் கேட்ட பிறகுதான் பேசுவார்.

“மாப்பிள்ளைங்க, நான் மொபெட்டையே முப்பதுக்கு மேல முறுக்குனதில்லைங்க. கார்ல ஏறி உக்காந்தாலே எனக்கு வயித்தப் பெரட்டும்” என்றார். பிறகு தன் மகளிடம், பணமெல்லாம் கட்டியாச்சா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நேர்காணலுக்கு நான் துணையாகச் சென்றேன். காத்திருப்புக் கூடத்தோடு என் அனுமதி முடிந்தது. உள்ளே நடந்தது மனைவி சொன்னது. ஆங்கிலம் படித்துக் காட்டி, எழுதிக் காட்டி, வரலாற்றுக் கேள்விகளுக்கு விடை சொன்ன பின், அதிகாரி விண்ணப்பத்தை வரிவரியாகப் பார்த்துவந்தார். ‘உண்டு’ என்ற கட்டத்தில் நிறுத்தினார். பதிவு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். இப்போது கிடைத்துவிட்டது என்று நகலை நீட்டினாள். அவர் பெயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இது யார் என்று கேட்டார். தன் தந்தையின் பெயர், ஆனால் ஓட்டியது தான் என்றும், தந்தைக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது என்றும் சொன்னாள். நகல் இல்லாமலே ஏன் உண்டு என்று எழுதினீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். கண்டிப்பாகக் கேட்டாரா, ஆர்வத்தில் கேட்டாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நடந்தது அதுதானே என்று பதில் சொன்னாளாம்.

பயன்படுத்திய வேறு பெயர்கள் என்ற இடத்தில் அந்தத் தலைகீழான பெயரையும் சேர்த்துக் கையெழுத்திடச் சொன்னார். இட்டாள். குடியுரிமைக்குப் பரிந்துரைக்கப்படுவதாக ஒரு தாளைத் தந்தார். இருபத்தைந்து நிமிடங்களில் வெளியே வந்துவிட்டாள். கூடத்தில் என்னைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது, “அப்பா பேரும் ஃபைல்ல ஏறிடுச்சுங்க” என்பதுதான்.

மகளின் பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது உறுதிமொழி விழா நடந்தது. பெரிய மண்டபம், பல நாட்டு மக்கள். வலது கையைத் தூக்கி நின்ற வரிசையில் அவள் பச்சைப் புடவையில் நின்றாள். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு பொய்யும் இல்லை என்பது, அந்த மண்டபத்தில் அவளுக்கு அடுத்து எனக்கும் என் மகளுக்கும் தெரியும். இருபதாண்டுகளாக என் எழுத்தில் ஒரு காற்புள்ளி தவறினாலும் தூக்கம் வராதவன் நான். அவ்வளவு துல்லியத்தையும் ஒரு சிறிய கட்டத்துக்குள் அவள் குறியாக இட்டுக் காட்டியிருந்தாள். மகள் என் பக்கத்தில் நின்று அதைக் கைப்பேசியில் எடுத்தாள். அந்த நொடியிலிருந்து அவளும் குடிமகள். மறுவாரமே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தாள். இவ்வாண்டுக் கோடைப் பயிற்சிக்கும் தன் கையாலேயே விண்ணப்பம் நிரப்பினாள். இடம் கிடைத்திருக்கிறது.

அந்தச் சிற்றூர் நீதிமன்றத்துக்குப் பெயரைத் திருத்தக் கோரி மனைவி கடிதம் எழுதினாள். மாமனாரிடம் அதைச் சொன்னபோது, “எதுக்குக் கண்ணு? இருந்துட்டுப் போவட்டும். நானும் அந்தூருக்கு வந்ததா இருக்கட்டும்” என்றார். ஆனாலும் அவள் கடிதத்தை அனுப்பினாள்.

தெரியாதவை இவை. பெயரை மாற்றி எழுதியது சாலையில் நின்ற காவலரா, பின்னர் கணினியில் ஏற்றியவரா என்பது தெரியாது. நியூ ஜெர்சிப் பதிவேட்டுக்கு அது ஏன் போய்ச் சேரவில்லை என்பதும் தெரியாது. ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் எவரேனும் கண்டுபிடித்திருப்பார்களா என்பது தெரியாது. அந்தச் சனிக்கிழமை காவலர் தனக்கு ஒரு நட்சத்திர ஒட்டுத்தாள் கொடுத்தார் என்று மகள் சொல்கிறாள். மனைவிக்கு அப்படி நினைவில்லை. திருத்தக் கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. பதிவு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.