ஒரு ஸ்டாப் முன்னால்

தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை எனக்கு. மாலை ஐந்தரைக்குத்தான் விடுவார்கள். வீட்டில் என் கணவர் படுக்கையில் இருந்தார். டிராக்டரில் கரும்பு ஏற்றும்போது மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். மற்றதெல்லாம் நான்தான்.

ஒருநாள் பஸ்ஸில் வீடு திரும்பும்போது, எங்கள் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னால், பாகூர் ஏரிக்கரையில் இறங்கிவிட்டேன். ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து தலைக்குள் ஓடிய மாத்திரைப் பெயர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அன்று அவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது என் கையில் எரிச்சல் இல்லை.

"இன்னாடி லேட்டு?" என்றார்.

"ஜங்ஷன்ல ஒரே டிராபிக்குங்க."

மறுநாளும் இறங்கினேன். அதே பொய்யைச் சொன்னேன். தினமும் இருபது நிமிடம். உட்கார்ந்திருக்கும்போது மனசு லேசாக இருக்கும். எழுந்து நடக்கத் தொடங்கியதும், அவரிடமிருந்து எதையோ திருடிக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் மழை விட்ட வானத்தைப் பார்த்துக்கொண்டு நேரம் போனதே தெரியாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்குப் போனால், பக்கத்து வீட்டு அக்கா அவரைக் கட்டிலில் தூக்கிப் படுக்கவைத்திருந்தார். தண்ணீர்ச் சொம்பை எடுக்க எட்டியவர் சரிந்து விழுந்திருக்கிறார். முழங்கை தோல் உரிந்திருந்தது. லுங்கியும் தரையும் நனைந்திருந்தன.

"எவ்ளோ நேரமா கெடந்தாரோ. பஸ்ஸு அப்பவே போச்சேம்மா?" என்றார் அக்கா.

நான் மாற்று லுங்கியை எடுக்கப் போனேன்.

அதன்பிறகு இரண்டு வாரம் நேராக வீட்டுக்கே போனேன். தண்டனைபோல. ஆனால் எதற்கெடுத்தாலும் கத்தினேன். ஒரு மாலை அவர் கஞ்சியைச் சிந்திவிட்டார். "கை நல்லாத்தானே இருக்குது!" என்று சீறினேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏரிக்கரையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "முக்குல திரும்பறப்ப பஸ்ஸு ஹாரன் அடிக்கும். அரை மணி கழிச்சி நீ நடந்து வருவே. தெனம் கேட்டுக்கினுதானே படுத்துருந்தேன்."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அங்க இருந்து வந்தா நல்லா பேசுனே. அதான்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"தண்ணிய கைக்கு எட்டறாப்ல வெச்சிட்டுப் போ. நீ குந்திட்டு வா" என்றார்.

இப்போதும் இறங்குகிறேன். கரையிலிருந்து போன் செய்து சொல்கிறேன். "சரி" என்று வைத்துவிடுவார். ஆனாலும் மதகில் உட்காரும்போது முதல் சில நிமிடங்கள் அந்த ஈரத் தரைதான் கண்ணில் நிற்கும். பிறகுதான் ஏரி தெரியும்.

போன மாதம் ஆட்டோ வைத்து அவரையும் கூட்டிப்போனேன். கரைமேல் ஏற்ற முடியவில்லை. சரிவில் ஆட்டோவை நிறுத்தி, பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். கதிர் வந்த வயல்தான் அங்கிருந்து தெரிந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாமா?" என்றேன்.

"இரு" என்றார்.