பங்குப் பதிவேட்டைத் திருத்தப் போன மாதம்

உப்பளம் பகுதியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் குடும்பப் பதிவேட்டைத் திருத்தும் வேலை என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதுதான். இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு காலைப் பூசையில் பின்பக்கத்து பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன. பதிவேட்டின்படி பார்த்தால் கோயிலுக்குள் நிற்க இடம் இருக்கக் கூடாது. "இந்த ஆளுங்கல்லாம் எங்கம்மா போயிட்டாங்க?" என்று பங்குச் சாமியார் கேட்டார். என்னைவிட வயதில் சின்னவர், வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் வருகிறார்கள் என்று வீட்டுக்கு ஒரு படிவத்தில் எழுதி வரச் சொன்னார்.

நான் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். டூட்டி மதியம் இரண்டு மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நோட்டையும் படிவங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். முதல் படிவத்தை எங்கள் வீட்டுக்கே நிரப்பினேன். கணவர், மகள், நான். 'மூவரும் தவறாமல் பூசை காண்கிறோம்' என்று எழுதினேன். மகள் பெங்களூரில் வேலை பார்த்தாள். கணவர் கோயிலுக்குள் நுழைந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

முதல் வாரம் போன வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தது. எங்கள் பகுதியில் சொல்தா குடும்பங்கள் அதிகம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம் ஊர்க்காரர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகள் பிரான்சுக்குப் போய்விட, வீட்டுக்குக் காவலாக ஒரு குடித்தனம் மட்டும் இருக்கும். ஒரு மாடி வீட்டில் மட்டும் சொல்தாவும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மா எனக்கு காபி கொடுத்துவிட்டு, மகன்கள் இருவர் பெயரையும் அடிக்க வேண்டாம் என்றார்.

"அங்க கோயிலுக்குப் போறாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க போறாங்க. போன வருஷம் நான் போயிருந்தப்ப, ஞாயித்துக்கிழம நான் மட்டும் தனியா நடந்து போவேன். எவ்ளோ பெரிய கோயிலு. உள்ள பத்து பேரு. எல்லாம் என்னாட்டம் கெழங்க. ஒரு வெள்ளக்கார அம்மா என் கையப் புடிச்சி மெர்சி, மெர்சின்னுச்சு. நான் வந்ததுக்கு நன்றியாம்."

சொல்தா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "இங்கயும் அப்டிதான் ஆவப்போவுது" என்றார்.

இரண்டாவது வாரம் நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அக்கா பாடற் குழுவில் பன்னிரண்டு வருடம் என் பக்கத்தில் நின்று பாடியவர். ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொள்வோம். கணவர் இறந்து சில மாதத்தில் கோயிலுக்கு வருவது நின்றது. முதலியார்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் கூடும் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். 'சபைக்குப் போயிடுச்சு' என்று எல்லோரும் சொன்னோம். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உட்காரச் சொன்னார். கையில் நோட்டைப் பார்த்ததும், "என் பேர அடிக்க வந்தியா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

"எழுதிக்கிட்டுப் போகத்தான் வந்தேங்க்கா. ஏன் வர்றதில்லைன்னு ஒரு காரணம் எழுதணும்."

"என்னா எழுதப்போற?"

அவர் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அவரு நாப்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தாரு. உங்க ஆஸ்பத்திரிதான். கோயில்லேர்ந்து ஒருத்தர் வரல. பக்கத்து பெட்டுக்காரங்களப் பாக்க ஜெபக் கூட்டத்துக்காரங்க ரெண்டு பேர் வந்தாங்க. என்னையும் சாப்டியான்னு கேட்டாங்க. மறுநாள் எனக்கும் சேத்து சோறு கொண்டாந்தாங்க. நாப்பதாவது நாள் வரைக்கும் வந்தாங்க. எங்க சபைக்கு வான்னு ஒரு வார்த்த கூப்புடல. நானாதான் போனேன்."

"எங்களுக்குத் தெரியலக்கா" என்றேன்.

"உனக்குத் தெரியும்."

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் அவர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். நான் ரத்த மாதிரிகள் வைத்த தட்டோடு போனேன். கையசைத்தேன், வரேன்க்கா என்றேன். ஒருமுறை இல்லை, மூன்று நாலு முறை. அன்றன்று வேலை இருந்தது உண்மைதான். ஆனால் டூட்டி முடிந்த பிறகும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

"சாவுக்கு எல்லாரும் வந்தீங்க" என்றார். "நல்லாத்தான் பாடுனீங்க. நீ அழுதுகிட்டே பாடுன. நான் பாத்தேன். உன்மேல எனக்குக் கோவம் இல்ல, தங்கச்சி. அந்த நாப்பது நாள்ல எனக்கு ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு. அவங்க வந்தாங்க. அவ்ளோதான்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் மகளைப் பற்றி விசாரித்தார். படிவத்தில் காரணம் எழுதும் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் மேசைமேல் நான் விட்டுப் போயிருந்த படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் படிவம் அவர் கையில் இருந்தது.

"இத ஏன் இப்டி எழுதின?"

"வேற எப்படி எழுதறது? ஊரார் வீட்டுக் கணக்கை எல்லாம் நான் எழுதிட்டு, என் வீட்டுல..."

"வரலன்னு எழுது. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஏன் வரலன்னு கேட்டா?" நாலு வருடத்தில் நானும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. சண்டை வந்துவிடும் என்று பயம்.

அவர் யோசித்துப் பார்த்தார். "சண்டையா, சச்சரவா, ஒண்ணும் கெடையாது. அப்ப ஒரு வாரம் ஜுரம், வரல. அடுத்த வாரம் சோம்பல். மூணாவது வாரம், யாராச்சும் ஏன் வரலன்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் கேக்கல. அப்பறம் கடவுள் இருக்காரா இல்லயான்னே ஒரு யோசன வந்துடுச்சு. இன்னும் முடியல அந்த யோசன."

வேறு படிவம் எடுத்துத் திருத்தி எழுதினேன். அவரே பேனாவை வாங்கித் தன் பெயருக்கு எதிரில் 'வருவதில்லை' என்று எழுதினார். மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பொய் சொல்லலம்மா, கிறிஸ்துமஸுக்கு மட்டும் போறேன்" என்றாள். அதையும் எழுதினேன்.

மாதக் கடைசியில் படிவங்களை எல்லாம் சாமியாரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்த அக்காவின் படிவத்தில் நின்று, "காரணம் எழுதலியே" என்றார். நடந்ததைச் சொன்னேன். நான் கையசைத்துவிட்டுப் போனதையும் மறைக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது எந்த மாசம்மா?"

சொன்னேன்.

"அப்ப நான் கோயில் கூரைய மாத்திக்கிட்டிருந்தேன். மழைக்கு முன்ன முடிக்கணும்னு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேஸ்திரிகூடவே நின்னேன். ஆஸ்பத்திரி இங்கேர்ந்து ரொம்ப தூரமில்ல." நான் சமாதானம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவரே அந்த அக்கா வீட்டுக்குப் போய்வந்தார் என்று கேள்விப்பட்டுக் கேட்டேன். "காபி குடுத்தாங்க. ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தோம். கோயிலுக்கு வாங்கன்னு நான் கூப்புடல. கூப்புட எனக்கு வாய் வரல" என்றார்.

பதிவேட்டைத் திருத்தியதால் கூட்டம் கூடிவிடவில்லை. மறு வருடம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசையில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். பாடற் குழுவில் ஏழு பேர்தான் மிஞ்சினோம். நான் புதன்கிழமைகளில் டூட்டி முடிந்ததும் வார்டுகளைச் சுற்றி வர ஆரம்பித்தேன். எங்கள் பங்கு ஆள் என்றில்லை, துணைக்கு ஆள் இல்லாமல் யார் இருந்தாலும் பக்கத்தில் உட்காருவேன். சில நாள் சாமியாரும் வருவார்.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். கணவர் கல்லறையைத் துடைத்து, சாமந்திப் பூவைப் பரப்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுவத்தி எரிந்தது. அங்கே மட்டும் இல்லை.

"செத்தவங்களுக்கு ஏத்தக் கூடாதும்பாங்க எங்க சபையில" என்றார். "பூ வச்சா தப்பில்லன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்."

சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும் தயங்கி, அக்காவைப் பார்த்தார். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார். "தெளிங்க ஃபாதர். அவரு உங்க ஆளுதான்."

சாமியார் தெளித்தார். பின்னால் வந்த பாடற் குழு அடுத்த பாட்டைத் தொடங்கியது. நான் புத்தகத்தைத் திறந்தேன். அக்கா பாடவில்லை. ஆனால் பாட்டு முடியும் வரைக்கும் என் பக்கத்திலேயே நின்றார்.