பிரிக்காத மெத்தை

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கும் மெஹர் பானு, கை இறுக்கமான பெண். அரிசி கழுவிய தண்ணீர் செடிக்குப் போகும், வெட்டுத் துணி தலையணைக்குள் போகும். பழைய ஜிப் கூடப் புதுப் பையில் ஏறிக்கொள்ளும். ஆனால் டீ போடும் பாலில் மட்டும் சொட்டுத் தண்ணீர் சேர்க்கமாட்டாள். "நாளெல்லாம் குனிஞ்சு தெக்கிறேன். நடுவுல ஒரு டீ. அதையும் தண்ணியா குடிக்கணுமா அக்கா?" என்பாள்.

நோன்பு தொடங்குவதற்கு முன்பே இந்த வருடம் பெருநாள் துணிகள் குவிந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து இடுப்பு வலி வந்தது. மிஷினில் கொஞ்ச நேரம்கூட உட்கார முடியவில்லை. பாயை விட்டு நல்ல மெத்தையில் படுக்கும்படி டாக்டர் சொன்னார். தாம்பரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, எல்லோரும் மலைக்கும்படி இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்கி வந்தாள்.

"நம்ம கல்யாணத்துக்குக் கூட இவ்ளோ செலவு பண்ணல" என்றார் அவள் கணவர் அயூப். வீட்டு வாசலிலேயே சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். மெஹரின் கண்கள் சிவந்திருந்தன.

"தூக்கமே இல்லக்கா. ஒரே சூடு. புரண்டா சரசரங்குது. எலி வந்துடுச்சுன்னு இவரு எழுந்து உக்கார்றாரு. இன்னிக்குக் கடை வண்டி வருது, திருப்பிக் குடுத்துடப் போறோம்."

"அப்புறம்?"

"பழைய பாய்தான். வந்த துணியையும் திருப்பிக் குடுக்க வேண்டியதுதான்."

நான் பல வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டவள். ஆளைப் பார்க்குமுன் படுக்கையைப் பார்ப்பது வழக்கம். விரிப்பைத் தூக்கினேன். கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"இதை ஏன் பிரிக்கல?"

"பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டாங்களாம். புடிச்சிருந்தா பிரிக்கலாம்னு."

"பிரிக்காம புடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?"

வாசலில் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அயூப் குரல் கொடுத்தார். "நல்லா கேளுங்கக்கா. சோபா கவரை பொண்ணு கல்யாணத்துக்கே கழட்டல. ரிமோட்டும் கவர்லதான் கீது. எனக்குத்தான் இன்னும் போடல."

"உங்க வாய்க்கு ஒண்ணு போடணும்" என்றாள் மெஹர்.

படுத்திருப்பவரை நேரடியாகப் பிளாஸ்டிக் மேல் கிடத்தக் கூடாது என்பது எங்கள் பயிற்சியில் ஆரம்பப் பாடம். வேர்வை போக இடமில்லாமல் முதுகு வெந்துவிடும். அதைச் சொல்லிவிட்டு, "வச்சுக்கிறதுன்னா பிரி. குடுக்கறதுன்னா இப்பவே பாயை விரி. ரெண்டுங்கெட்டானா படுக்காதே" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உழைத்த பணம் அவளுடையது.

மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து குவிந்திருந்த துணிகளைப் பார்த்தாள். பிறகு உறைக்கு மேலாகவே மெத்தைத் துணியைக் கிள்ளிப் பார்த்தாள்.

"துணி நல்ல துணிதான். தையலும் நெருக்கமாப் போட்டிருக்கான்."

கத்திரியை எடுத்தாள். பிளாஸ்டிக்கை வெட்டினால் மழுங்கிவிடும் என்று அதை வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்தாள். உறையின் ஓரத்தை மட்டும் கீறி முழுசாக உருவினாள். பருத்தி விரிப்பைப் போட்டு, "சும்மா படுத்துப் பாக்குறேன்" என்று சாய்ந்தாள்.

அயூப் எனக்கு டீ போட்டுத் தந்தார். நான் குடித்து முடிக்குமுன் உள்ளே குறட்டை கேட்டது. வாசலில் கடை வண்டி ஹார்ன் அடித்தது. அயூப் கையைத் துடைத்துக்கொண்டு போய் முதலில் ஹார்னை நிறுத்தச் சொன்னார்.

"மெத்தை ரிட்டர்ன்தானே பாய்? கவர் பிரிக்காம இருக்கா?" என்றார் டிரைவர்.

"கவர் தனியா கீது. மெத்தை மேல எங்கூட்டம்மா தூங்கிக்கினு கீறாங்க. எழுப்புற தைரியம் இருந்தா எடுத்துக்கோ."

டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

இப்போது மெஹர் காலையில் மிஷினில் உட்கார்ந்தால் மதியத் தொழுகைக்குத்தான் எழுந்திருக்கிறாள். தைத்து முடித்த துணிகளை அந்தப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைக்கிறாள். சோபா கவரை மட்டும் இன்னும் கழற்றவில்லை. நான் போனால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்.